காரில் பாட்டு நின்றால் பெட்டியை மாற்ற வேண்டுமா?

கார் ஓடுகிறது. பாட்டும் ஓடுகிறது. திடீரென்று சத்தம் நின்று விடுகிறது. கரகரப்புக் கூட இல்லை.

உடனே கடைக்கு ஓடுகிறோம். "பெட்டி போய் விட்டது. புதுசு போட்டு விடலாம்" என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கிறோம்.

இது அவசரம். பல சமயம் வீண் செலவு. சில ரூபாய் விலையுள்ள பியூஸ் ஒன்று போனாலும் சத்தம் நிற்கும். சோதித்துப் பார்க்காமல் பெட்டியை மாற்றக் கூடாது என்பதே என் கட்சி.

பாட்டு கேட்காவிட்டால் குடியா முழுகி விடும் என்று கேட்கலாம். புதுக்கோட்டைக்காரர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை மரங்கள் வேரோடு விழுந்தன. பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. கைப்பேசிக் கோபுரங்களும் வேலை செய்யவில்லை. அந்த மாதிரி நேரத்தில் கரண்டு இல்லாமல் செய்தி சொல்லக் கூடியது எது? கார் ரேடியோதான். அதற்குக் காரின் பாட்டரி போதும்.

தெரு விளக்குக் கணக்கு

இரவில் உங்கள் வீட்டு விளக்கு மட்டும் அணைந்தால் பல்பைப் பார்ப்பீர்கள். தெரு முழுவதும் இருண்டால் பல்பைப் பார்ப்பீர்களா? டிரான்ஸ்பார்மரைத்தான் பார்ப்பீர்கள்.

காரிலும் இதே கணக்குத்தான். காரில் நான்கு ஸ்பீக்கர் இருக்கும். ஒன்று மட்டும் பேசாவிட்டால் அந்த ஸ்பீக்கரையோ அதன் ஒயரையோ பார்க்க வேண்டும். நான்கும் ஒரே நிமிடத்தில் வாயை மூடினால், நான்குக்கும் பொதுவான இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. நான்கு ஸ்பீக்கரும் பேசி வைத்துக் கொண்டு ஒன்றாகச் சாகாது!

முதலில் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையா? பெட்டிக்குக் கரண்டு வரவில்லை. பியூஸைப் பாருங்கள். டாஷ்போர்டுக்கு அடியிலோ, பானட்டுக்குள்ளோ பியூஸ் பெட்டி இருக்கும். பல பெட்டிகளின் முதுகிலும் ஒரு பியூஸ் உண்டு. அதை மறந்து விடாதீர்கள். சில கார்களில் செல்போன் சார்ஜ் போடும் துளைக்கும் ரேடியோவுக்கும் ஒரே பியூஸ். அதுவும் வேலை செய்யாவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

பாட்டரி மாற்றிய பிறகு சத்தம் போயிற்றா? சில பெட்டிகள் திருட்டுக்குப் பயந்து ரகசிய எண் கேட்கும். காருடன் வந்த புத்தகத்தைத் தேடிப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் கதை வேறு. 'மியூட்' பொத்தான் அழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதுதான் முதல் சந்தேகம். சீட்டுக்கு அடியில் தனி ஆம்ப்ளிபயர் வைத்திருந்தால், அதற்கும் தனி பியூஸ் உண்டு. வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள் சத்தம் போனால், அங்கே ஈரம் இறங்கியதா என்று பாருங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் ஸ்பீக்கர் ஒயர்தான். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, ரப்பர் குழாய்க்குள் ஒயர் நைந்து விடும். வைக்கோல் போர் பக்கத்தில் காரை நிறுத்தினால் எலி கடித்து விடும். உரிந்த ஒயர் காரின் இரும்பில் பட்டால், பெட்டி தன்னைக் காப்பாற்றிக் கொள்ள எல்லாச் சத்தத்தையும் நிறுத்தி விடும். ஒரு ஒயர் செய்த குற்றத்துக்கு நான்கு ஸ்பீக்கருக்கும் தண்டனை!

மெக்கானிக் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கழற்றிப் பார்ப்பார். எதைக் கழற்றியதும் மற்றவை பாடுகின்றனவோ, அதுதான் குற்றவாளி. ஸ்பீக்கர் நல்லதா என்று பார்க்க, பெட்டியிலிருந்து பிரித்து விட்டு, ஒன்றரை வோல்ட் டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டால் போதும். 'டக்' என்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது.

குடுமியான்மலைக் குன்றில் இசை இலக்கணத்தைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அது அழியவில்லை. அந்தக் காலத்தில் பியூஸ் இல்லை!

வெள்ளித்தாள் வேண்டாம்

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பியூஸ் போனால் அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சிகரெட் வெள்ளித்தாளை மடித்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போட்டு, "இனிமேல் போகவே போகாது" என்கிறார்கள்.

ஆம், பியூஸ் போகாது. கார் போய் விடும்! கரண்டு அதிகமானால் ஒயருக்கு முன்னால் தான் எரிந்து போவதுதான் பியூஸின் வேலை. அதைத் தடுத்தால் ஒயர் சூடாகிப் புகையும். தீப் பிடிக்கும். உள்ளே பெண்டு பிள்ளைகள் இருப்பார்கள். பியூஸின் தலையில் எண் இருக்கும். நிறமும் உண்டு: 10-க்குச் சிவப்பு, 15-க்கு நீலம், 20-க்கு மஞ்சள். அதே எண்தான் போட வேண்டும். புது பியூஸும் உடனே போனால், எங்கோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். மூன்றாவது பியூஸ் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஸ்டியரிங் பக்கம் மஞ்சள் உறை போட்ட ஒயர் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது காற்றுப் பைக்குப் போகும் ஒயராக இருக்கலாம்.

கூலி எதற்கு?

கடைக்காரரை மட்டும் குற்றம் சொன்னால் போதாது. நம்மிடமும் ஒரு கோளாறு இருக்கிறது.

ஒரு மெக்கானிக் வெயிலில் குனிந்து, மீட்டரை வைத்து, ஒரு மணி நேரம் தேடி, நைந்த ஒயரைக் கண்டு பிடிக்கிறார். டேப் சுற்றுகிறார். பாட்டு வருகிறது. முன்னூறு ரூபாய் கேட்கிறார். "ஒரு சாமானும் மாற்றவில்லையே, எதற்கு முன்னூறு?" என்று சண்டைக்குப் போகிறோம்! அதே ஆள் ஐயாயிரம் ரூபாய்க்குப் புதுப் பெட்டி போட்டால் பேசாமல் கொடுக்கிறோம். பிறகு அவர் ஏன் தேடப் போகிறார்? பெட்டியே விற்பார்.

டாக்டர் நாடி பார்த்து "ஒன்றுமில்லை, போய் வா" என்றாலும் பீஸ் கொடுக்கிறோம் அல்லவா? மெக்கானிக்குக் கொடுத்தால் என்ன?

புதுக்கோட்டையானாலும் சரி, அறந்தாங்கி, ஆலங்குடியானாலும் சரி. வண்டியை விடும் முன்பே, "சோதித்துப் பார்க்க மட்டும் எவ்வளவு கூலி?" என்று கேளுங்கள். அதைக் கொடுத்து விடுங்கள். கழற்றிய பியூஸையும், வெட்டிய ஒயரையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் அதைச் சந்தோஷமாகவே காட்டுவார்.