வீட்டுப் பூனையின் கடி

வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா, சகோதரிகளே? அப்படியானால் இந்தச் சேதி உங்களுக்குத்தான்.

ஜப்பானிலுள்ள சுஷிமா தீவுக் காட்டில் சிறுத்தைப்பூனைகள் வசிக்கின்றன. மொத்தமே சுமார் 100தான். 1996-ல் அவற்றில் ஒன்றின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நோயை எதிர்க்கும் சக்தியை மெள்ள மெள்ள அரித்துவிடும் வைரஸ் அதில் இருந்தது! வந்தது எங்கிருந்து? வீட்டுப் பூனையிடமிருந்து!

இது மனிதரைத் தொற்றாது; பூனைக்குப் பூனை, கடியினால் பரவுவது. சண்டையிட்டுக் காயத்தோடு திரும்பும் நம் பூனைக்கு நாம் மருந்து போடுவோம். காட்டுப் பூனையின் காயத்துக்கு யார் போடுவது?

சிறுத்தைப்பூனை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. காட்டோரம் குடியிருப்பவர்கள் பூனைக்குக் கருத்தடை செய்துவிடுங்கள், சண்டை குறையும். இரவில் வெளியே விடாதீர்கள். இரண்டு பூனைகளும் பிழைக்கும்!