கர்ப்பப்பையை எடுத்த பின்பும் அடி இறங்குமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. ஆறு வருஷத்துக்கு முன்பு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது புல்லுக்கட்டு தூக்கினால் கீழே சதை பிதுங்குகிறது என்கிறார். ‘அதான் எடுத்தாச்சே, இன்னும் என்ன இறங்கும்?’ என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டுமா? சம்பா நடவு வேறு நெருங்குகிறது.
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: கர்ப்பப்பை இல்லாவிட்டாலும் அடி இறங்கும். கர்ப்பப்பையைப் பிடித்திருக்கும் தசைநார்கள்தான் பிறப்புறுப்பின் மேல்பகுதியையும் தாங்குகின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பிடிப்பு தளர்ந்தால், சட்டைப் பையை வெளியே புரட்டியதுபோல மேல்பகுதி கீழே சரியும். சிறுநீர்ப்பையோ மலக்குடலோ சேர்ந்து இறங்கலாம். பல பிரசவங்கள், தீராத இருமல், மலச்சிக்கல், அன்றாடம் பாரம் தூக்குவது எல்லாம் இதை அதிகமாக்கும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. முதலில் மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். இறக்கம் குறைவாக இருந்தால், சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியே உதவும். ஒரு தடவைக்கு பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை செய்யலாம். உள்ளே வைத்துத் தாங்கும் சிலிக்கான் வளையமும் உண்டு. நடவு, அறுப்பு முடியும்வரை இதைக் கொண்டு சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, பிதுங்கிய இடம் புண்ணானாலோ அறுப்புவரை காத்திருக்கக் கூடாது.

ஆபரேஷனில் முக்கியமாக இரண்டு வழிகள். பிறப்புறுப்பு வழியாகவே மேல்பகுதியை இடுப்புக்குள் இருக்கும் உறுதியான தசைநாரோடு தைப்பது ஒன்று. வயிற்று வழியாக, வலைத்துண்டு வைத்து முதுகெலும்பின் அடிப்பகுதியோடு இணைப்பது மற்றொன்று. இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்க அரசு 2019-ல் நிறுத்தியது. அதனால் ‘வலை வைப்பீர்களா, எந்த வழியாக?’ என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மருத்துவக் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதையும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கலாம்.

ஆபரேஷனைவிட அதற்குப் பிந்தைய மூன்று மாதம்தான் வீட்டுக்குச் சோதனை. ‘கட்டு மட்டும் தூக்காதே’ என்று சொல்லிவிட்டு மற்ற வேலையெல்லாம் அவர் தலையிலேயே விழும். ஒரு குடம் தண்ணீரே பத்துப் பதினைந்து கிலோ. சாணிக்கூடை, தவிட்டு மூட்டை, ஈரத்துணி வாளி, இடுப்பில் பேரப்பிள்ளை எல்லாமே பாரம்தான். தையல் பிடிக்கும் முன் இவற்றைத் தூக்கினால் மறுபடியும் இறங்கக்கூடும்.

அவசர அறிகுறி ஏதும் இல்லையென்றால், மருத்துவரிடம் கேட்டு, சம்பா அறுப்பு முடிந்து மாசியில் வைத்துக்கொள்ளலாம். வைகாசிவரை வேலை நெருக்கடி குறைவு. தேதி குறிக்கும் முன்பே தண்ணீர் யார் எடுப்பது, மாட்டுக்குப் புல் யார் அறுப்பது, பால் யார் கறப்பது என்று வீட்டு ஆண்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். அது முடிவாகாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது, வரப்பு கட்டாமல் தண்ணீர் பாய்ச்சுவதுபோல.