ஈரமணல் வழி

பெசன்ட் நகர் கடற்கரைக்கு விடியற்காலையில் ஓட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நடைபாதையை விட்டு இறங்குவதில்லை. தரை சமமாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, கால் புதைவதில்லை. எனக்கு அந்தப் பாதை போதவில்லை. உதிரி மணலைத் தாண்டி, அலை வடிந்து இறுகிக் கிடக்கும் ஓரத்துக்குப் போய்விடுவேன். அங்கே ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நின்ற நேரத்தையும் ஓட்டத்தோடு சேர்த்தே கணக்கு வைக்கிறேன்.

ஷ்மிட் நினைவு மண்டபத்தில் தொடங்கி, ஊரூர் குப்பத்தின் படகுகளைக் கடந்து, அடையாறு முகத்துவாரம் வரை போய்த் திரும்புவது என் வழக்கம். கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் 1930-ல் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்காக எழுப்பிய மண்டபம் அது. விடியும்முன் வந்தால் அதன் வெள்ளைச் சுவர்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும்.

மார்கழியில் அந்த ஈரமணலுக்கு விருந்தாளிகள் வந்துவிடுகிறார்கள். இமயத்துக்கு அப்பாலிருக்கும் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் மணல்நிற உப்புக்கொத்திகள் ஒரு பக்கம். துருவப் பகுதியிலிருந்தே பறந்துவரும் வெளிறிய சிறு உள்ளான்கள் இன்னொரு பக்கம். இரண்டும் ஓடுகிற விதம் வேறு. உள்ளான்கள் பின்வாங்கும் அலையின் காலடியிலேயே ஓடி, மணலில் அலகை நுழைத்துத் துழாவி, அடுத்த அலை வந்ததும் கூட்டமாகத் திரும்பி ஓடிவரும். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும், மறுபடி நாலடி. பெரிய கண், சின்ன அலகு. அது பார்த்துப் பிடிக்கிற பறவை. நின்றால்தான் மணலில் புழு அசைவது அதற்குத் தெரியும். இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு, தூரத்தில் பறவை வெறும் புள்ளியாகத் தெரிந்தாலும் ஓட்டத்தை வைத்தே எது என்ன என்று சொல்லிவிடலாம்.

அவற்றின் நடுவே புகுந்து ஓடக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போவதற்கான கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் உயிர்கள். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. பத்தடி மேலே ஏறி, மணலில் சுற்றிக்கொண்டு போனால் ஆயிற்று. முழங்காலுக்கும் நல்ல வேலை.

அப்படி ஒதுங்கி நின்ற ஒரு காலையில்தான், படகு நிழலில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் கூப்பிட்டார்.

“இன்னாம்மா, ஓடாம நின்னுட்ட?”

“பறவை பாக்குறேன் தாத்தா. என்னத்த அப்படித் துழாவுதுங்க?”

“எலிப்பூச்சிமா. அல திரும்பறப்ப கீழ பாரு, தெரியும்.”

பார்த்தேன். நீர் வடியும் அந்த ஒரு நொடியில் மணல் முழுக்கக் கவட்டை வடிவில் சின்னச் சின்னக் கீறல்கள். ஒவ்வொரு கீறலுக்கும் அடியில் விரல்நுனி அளவு உயிர் ஒன்று பின்பக்கமாகப் புதைந்து, கடலைப் பார்த்தபடி, உணர்கொம்புகளை நீட்டித் திரும்பும் நீரில் மிதக்கும் நுண்ணிரையை வடிகட்டிக்கொண்டிருக்கிறது. அலை திரும்பியதும் பெரியவர் குனிந்து ஒரு கை மணலை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். குறுகுறுவென்று விரலிடுக்கில் தோண்டத் தொடங்கியது. தூண்டிலுக்கு நல்ல இரை என்றார். அன்றிலிருந்து அவர் இருக்கும் இடத்தில் நிற்காமல் நான் போவதில்லை. வாடை எப்போது விழும், கடல் ஏன் கலங்கியிருக்கிறது, நேற்று வலையில் என்ன ஏறியது என்று ஏதாவது ஒரு செய்தி அவரிடம் இருக்கும்.

இந்தப் பேச்சுகள்தான் என் ஓட்டத்தின் ருசி. பறவைப் புத்தகத்தில் பெயர் கிடைக்கும். அந்தப் பறவை இன்று ஏன் இங்கே நிற்கிறது என்பதற்குக் கரையில் வாழ்கிறவர்கள்தான் பதில் சொல்ல முடியும். முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக்கொண்டால் நீர் தேங்குவதும், அதில் கொக்கும் கூழைக்கடாவும் கூடுவதும் அங்கே வலை வீசுகிறவர்களுக்கு அத்துபடி. நகரத்துச் சாக்கடை அந்த ஆற்றில்தான் கலக்கிறது, நாற்றமும் உண்டு. இருந்தும் பறவைகள் வருகின்றன. அதைப் பார்க்கும்போது சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன.

தை பிறந்தால் இன்னொரு கூட்டத்தையும் சந்திக்கலாம். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவின் தொண்டர்கள் ஆண்டுதோறும் இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, பங்குனி ஆமைகளின் கூடுகளைத் தேடுகிறார்கள். நாயும் மனிதக் காலும் படாமல் இருக்க முட்டைகளை எடுத்துவந்து கரையிலுள்ள பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். பொரிக்க ஏறத்தாழ 45 நாள் முதல் இரண்டு மாதம்வரை ஆகும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண். கண்ணில் தூக்கமும் காலில் மணலுமாக வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் “கிடைச்சுதா?” என்று கேட்பேன். கிடைத்த நாளில் அவர்கள் முகத்திலேயே பதில் இருக்கும்.

கிடைக்காத நாளைவிடக் கொடுமையான நாள்களும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் கடலுக்குள்ளேயே மூழ்கிச் சாகும். ஆமை தப்பிக்கும் வழி வைத்த வலைகள் உலகில் எப்போதோ வந்துவிட்டன. இங்கே அவை கட்டாயமாகப் பயன்பாட்டுக்கு வர வேண்டும், கரையோரத்தில் விசைப்படகுகளுக்குள்ள தடையும் காகிதத்தோடு நிற்கக்கூடாது.

ஓடுகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருட்டில் ஈரமணல் பக்கம் வந்தால் நெற்றி விளக்கை அணைத்துவிடுங்கள். கரையேறும் தாய் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துபோகும். கூடு தேடும் ஆமைநடைக்குத் தொண்டர்கள் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எங்கள் ஓட்டக் கூட்டத்தில் நாலைந்து பேர் இந்தத் தையில் போவதாக முடிவு செய்திருக்கிறோம். வலைக்காரத் தாத்தாவின் பேத்தியும் எங்களோடு வருகிறாளாம்.