ஆளில்லாத் தீவா?

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவில், திரோமலின் என்றொரு மணல் தீவு உண்டு. நீளம் 1,700 மீட்டர். அகலம் 700 மீட்டர். மிக உயர்ந்த இடமே 7 மீட்டர்தான். ஆறில்லை, துறைமுகமில்லை. 1954 முதல் ஒரு வானிலை நிலையம் இருக்கிறது. நிலநூல்கள் இதனை 'ஆளில்லாத் தீவு' என்று ஒரு சொல்லில் எழுதி முடித்துவிடுகின்றன. அந்தச் சொல்லை நாம் மறுக்கிறோம்.

பிரான்சு இத்தீவை ஆள்கிறது. மொரீஷியஸ் தனக்கே உரியது என்கிறது. 1814-ஆம் ஆண்டுப் பாரீஸ் உடன்படிக்கையில் மொரீஷியஸும் அதன் சார்புத் தீவுகளும் பிரித்தானியருக்குப் போயின. இச்சிறு தீவின் பெயர் அதில் இல்லை. எனவே அந்த வாசகத்தின் ஒரு சொல்லுக்குப் பொருள் கண்டு இன்றளவும் வழக்காடுகின்றனர். கூட்டாக நிருவகிக்க 2010-இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதனை 2013-லும் 2017-லும் கிடப்பில் போட்டது. ஒரு சதுர கிலோமீட்டர் மணலுக்கா இத்தனை வழக்கு? அல்ல; அதனைச் சூழ்ந்துள்ள 2,80,000 சதுர கிலோமீட்டர் கடலுக்கும் அதன் மீனுக்குமே.

இந்த வழக்கில் எவரும் அழைக்காத சாட்சிகள் சிலர் உண்டு. 1761 ஜூலை 31 இரவு, நம் புதுச்சேரியில் வாணிகம் நடத்திய அதே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலொன்று இங்கே பவளப்பாறையில் மோதி உடைந்தது. தடையை மீறி வாங்கப்பட்ட ஏறத்தாழ 160 மலகாசி அடிமைகள் அதில் அடைக்கப்பட்டிருந்தனர், பலர் மாண்டனர். உயிர் தப்பியோர் உடைந்த மரங்களைக் கொண்டு ஒரு படகு கட்டினர். அதில் பிரெஞ்சுக்காரர் 122 பேர் ஏறினர். அடிமைகளுக்கு இடமில்லை; திரும்பி வருவோம் என்ற வாக்குறுதி மட்டுமே கிடைத்தது. முதல் அலுவலர் கஸ்தெல்லான் பின்னர் மன்றாடியும், மொரீஷியஸின் ஆளுநர் கப்பல் அனுப்ப மறுத்தார்.

அந்தப் படகுக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? 'இறைப் பராமரிப்பு'! இதனினும் கொடிய நிந்தையை நாம் அறியோம். பெயர் சூட்டியவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்கள். நம் விசுவாசத்தையே அறிக்கையிட்டவர்கள். தம்மைக் காத்ததற்கு இறைவனுக்கு நன்றி கூறிவிட்டு, சகோதரரை மணலில் விட்டுச் சென்றனர்.

கைவிடப்பட்டோர் மடிந்துவிடவில்லை. மரமற்ற தீவில் தீயை அணையாது காத்தனர். பவளக்கல்லால் வீடு கட்டினர். பறவையிறகால் ஆடை நெய்தனர். ஆமையும் கடற்பறவையும் உணவாயின. செப்புப் பாத்திரங்களை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தினர். 2006 முதல் நடந்த அகழாய்வுகள் அவற்றை வெளிக்கொணர்ந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1776 நவம்பர் 29 அன்று, திரோமலின் என்ற கப்பல் தலைவர் வந்தபோது எஞ்சியிருந்தோர் ஏழு பெண்களும் ஒரு கைக்குழந்தையும். குழந்தைக்கு மோசே என்று பெயரிட்டுத் திருமுழுக்களித்தனர். தீவுக்கோ மீட்க வந்தவரின் பெயரே நிலைத்தது. வாழ்ந்தவர்களின் பெயர் அன்று.

1982-ஆம் ஆண்டுக் கடல்சட்ட உடன்படிக்கையின்படி, மனித வாழ்வையோ தனக்கெனப் பொருளியல் வாழ்வையோ தாங்க இயலாத பாறைக்குத் தனிப் பொருளாதாரக் கடற்பரப்பு கிடையாது. அவ்வாறாயின், இங்கே மனிதர் வாழ இயலும் என்று மெய்ப்பிக்க விழைவோருக்கு வரலாறு வைத்திருக்கும் பெரும் சான்று எது? கைவிடப்பட்ட அம்மக்களின் பதினைந்து ஆண்டுகளே! அவர்களுடைய துயரம் கொண்டு கடலை அளப்பதும், அவர்களை மறந்து தீவை 'ஆளில்லாதது' என்பதும் எவ்வகை நீதி?

அக்காலம் போர்க்காலம், உணவுத் தட்டுப்பாடு என்று ஆளுநருக்காகப் பரிந்து பேசுவோர் உளர். போர் 1763-இல் முடிந்தது. அதன்பின் கழிந்த பதின்மூன்று ஆண்டுகளுக்கு என்ன விடை?

எக்கொடி பறப்பினும், இனி எழுதப்படும் எந்த ஒப்பந்தத்திலும் அம்மக்களின் நினைவே முதல் வரியாக வேண்டும். காயினிடம் கேட்கப்பட்ட கேள்வி தீவுகளுக்கும் உரியது. அது நமக்கும் உரியது. துன்புறுவோரைக் கண்டு, 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று கூறி நகரும்போதெல்லாம், நாமும் அந்தப் படகில்தான் ஏறிச் செல்கிறோம்.