அளந்த கணக்கை ஒளிக்காதீர்கள்!

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போதாக்குறைக்கு அன்று போயா தினமும்கூட. ஆசிரியபீடத்தில் ஆட்கள் குறைவு. இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தரை பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நமது கிழக்குக் கரையைக் கடல் விழுங்கியது. கல்முனை, மருதமுனை, திருகோணமலை, முல்லைத்தீவு, வடமராட்சி என்று ஒவ்வோர் ஊராகத் தொலைபேசி அழுதது. இந்த நாட்டில் மட்டும் 30,000 க்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

"இயற்கையின் சீற்றத்தை எவரால் அறிந்துகொள்ள முடியும்?" என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. நானும் எழுதினேன். இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்ட இன்று, அந்த வசனத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன். அது பொய். அறிந்திருந்தார்கள். குறைந்தபட்சம், அறிந்துகொள்வதற்கு வேண்டிய தரவுகள் அன்று காலையிலேயே உலகில் இருந்தன.

ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம், பூமியதிர்ச்சி ஏற்பட்டுப் பதினைந்து நிமிடங்களில் தனது முதலாவது அறிக்கையை வெளியிட்டது. பசிபிக் கரையோரங்களுக்கு ஆபத்தில்லை என்றது அது. ஒரு மணி நேரம் கழித்து வந்த இரண்டாவது அறிக்கை, அதிர்வு மையத்துக்கு அருகே சுனாமி தோன்றியிருக்கக்கூடும் என்றது. அதை யாரிடம் சொல்வது? இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. ஆழ்கடல் அலையை அளக்கும் மிதவைகள் பசிபிக்கில் இருந்தன. நமது சமுத்திரத்தில் ஒன்றுகூட இல்லை.

கண்டிக்கு அருகே பல்லேகலையில் பூமியதிர்ச்சிப் பதிவு நிலையம் ஒன்று இருக்கிறது. உலக வலையமைப்பு ஒன்றின் அங்கம் அது. அன்று காலை அதன் கருவி அந்த அதிர்வைப் பதிவு செய்தது. நமது மண்ணில் நின்ற கருவி, நமது காலடி நடுங்கியதைக் குறித்துக்கொண்டது. ஆனால் அந்தக் குறிப்பு மட்டக்களப்பு மீனவருக்கு ஒரு நிமிட அவகாசத்தையும் தேடித் தரவில்லை.

இன்னும் இருக்கிறது. அணுகுண்டுப் பரிசோதனைகளை ஒட்டுக்கேட்பதற்காகக் கடலுக்குள் பதித்த ஒலிவாங்கிகள், தியாகோ கார்சியாவுக்கு அருகே அந்த முழக்கத்தைக் கேட்டன. ஆனால் அந்தத் தரவுகள் அணுப் பரிசோதனைத் தடைக் கண்காணிப்புக்கென ஒதுக்கப்பட்டவை. சுனாமி எச்சரிக்கை நிலையங்களுக்கு அவற்றை வழங்கும் ஏற்பாடு அன்று இருக்கவில்லை. அதற்கான முறையான தீர்மானம் 2006 நவம்பரில்தான் வந்தது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்!

விண்வெளியும் சும்மா இருக்கவில்லை. ஜேசன்-1, டோபெக்ஸ்/பொசைடன் என்ற இரு செய்மதிகள், பூமியதிர்ச்சி நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வங்காள விரிகுடாவுக்கு மேலாகக் கடந்து சென்றன. திறந்த கடலில் அலையின் உயரம் அறுபது சென்ரிமீற்றர் அளவு என்று அவை அளந்தன. அந்த அளவீட்டைப் பகுத்துப் பார்க்கப் பல மணி நேரம் சென்றது. எச்சரிக்கை செய்வதற்காக அனுப்பிய செய்மதிகள் அல்ல அவை. அவற்றைக் குறை சொல்வது நியாயமுமல்ல. ஆனாலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வானத்திலிருந்து ஒரு கண் அலையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வேளையில், கரையில் நின்ற பிள்ளைகள் பின்வாங்கிய கடலில் சிப்பி பொறுக்கப் போனார்கள்.

தென்னிலங்கைப் பெரலியவில் புகையிரதத்தை அலை புரட்டியது ஒன்பதரை மணியளவில். கிழக்கில் கடல் ஏறி அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. ஒரே தீவுக்குள்ளேயே செய்தி அலையை முந்தவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் புகையிரதத்தோடு போனார்கள்.

ஆகவே, கடலிலும் விண்ணிலும் திரட்டப்படும் தரவு என்பது விஞ்ஞானிகளின் மேசை விவகாரம் அல்ல. அது உயிர் விவகாரம். அதைப் பூட்டி வைப்பதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "செலவழித்தவனுக்கே தரவு சொந்தம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கா இதைப் பரீட்சித்துப் பார்த்தது. 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் லான்ட்சாட் செய்மதிப் படங்களின் விற்பனை தனியாரிடம் போனது. ஒரு படத்தின் விலை நாலாயிரம் டொலரைத் தாண்டியது. விளைவு? ஏழை நாடுகள் மட்டுமல்ல, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே வாங்க முடியாமல் ஒதுங்கின. பிறகு அரசு பொறுப்பேற்று விலையைக் குறைத்த பின்னரும்கூட நாளொன்றுக்கு விற்றவை ஐம்பது சொச்சம் படங்கள்தான். 2008 இல் விலையை அடியோடு நீக்கினார்கள். அதன் பின் நாளாந்தம் ஆயிரக்கணக்கான படங்கள் உலகெங்கும் இறக்கிக்கொள்ளப்பட்டன. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த படம் பெட்டிக்குள் கிடந்தால் எவருக்கு இலாபம்?

இரண்டாவது: "பாதுகாப்பு." இதைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். கடலடித் தரையின் மேடுபள்ளம் மீனவனுக்கும் உதவும், நீர்மூழ்கிக் கப்பலுக்கும் உதவும். அந்த அச்சம் உண்மையானது. ஆனால் பூட்டு எவ்வளவு காலம் தாங்கும்? அமெரிக்கக் கடற்படை 1985 இல் ஜியோசாட் என்ற செய்மதியை அனுப்பிக் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை நுணுக்கமாக அளந்தது. அதிலிருந்து கடலடி மலைகளைக் கண்டறியலாம் என்பதால் அந்தத் தரவுகளை இரகசியமாக்கியது. ஐரோப்பியர்கள் ஈஆர்எஸ்-1 செய்மதியை அனுப்பி அதே போன்ற அளவீடுகளைப் பெற்றார்கள். 1995 இல் அமெரிக்கக் கடற்படை தனது இரகசியத்தைத் திறந்துவிட்டது. இரண்டையும் இணைத்து 1997 இல் வெளியான வரைபடம்தான் உலகக் கடல்தரை முழுவதையும் ஒரே சீராக நமக்குக் காட்டியது. பூட்டியதால் வல்லரசுகள் எதையும் இழக்கவில்லை. பத்து வருடங்கள் குருடாக இருந்தவை சிறிய நாடுகள்தான். இன்றும் உலகக் கடல்தரையில் நேரடியாக நவீன கருவிகளால் அளக்கப்பட்டிருப்பது நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய பரப்பு மட்டும்.

இந்தப் 'பாதுகாப்பு' விவாதத்தில் நமது நாடு எப்படி நடந்துகொள்கிறது? 2022 ஓகஸ்டில் 'யுவான் வாங் 5' ஹம்பாந்தோட்டைக்கு வந்தது. செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கப்பல் அது. 2023 ஒக்டோபரில் 'ஷி யான் 6' கொழும்புக்கு வந்தது. டில்லி முகம் சுளித்தது. பெய்ஜிங் பதில் சொன்னது. 2024 ஜனவரியிலிருந்து ஒரு வருடத்துக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலும் வரக்கூடாது என்று கொழும்பு தடை போட்டது. ஒற்றுக் கப்பலா, ஆய்வுக் கப்பலா என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அவற்றுக்கு இடையில் ஒரு கேள்வி அமுங்கிப் போனது: ஆய்வுக் கப்பல்கள் நமது கடலில் அளந்தவற்றின் பிரதி எங்கே?

இது பிச்சை கேட்பது அல்ல. ஐக்கிய நாடுகளின் கடற்சட்டச் சமவாயத்தின் 246 ஆம் உறுப்புரை, நமது பொருளாதார வலயத்தில் ஆய்வு செய்ய நமது சம்மதம் வேண்டும் என்கிறது. 249 ஆம் உறுப்புரை, அந்த ஆய்வில் பங்குபற்றவும் திரட்டிய தரவுகளையும் மாதிரிகளையும் பெறவும் நமக்கு உரிமை உண்டு என்கிறது. நிலப்பரப்பைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு கடல் நமக்கு இருக்கிறது. அதை அளக்க நம்மிடம் போதிய கப்பல்கள் இல்லை. அளக்க வருபவனை விரட்டினால் கடல் இருட்டிலேயே கிடக்கும். கேள்வி கேட்காமல் விட்டால் வெளிச்சம் அவனுக்கு மட்டும் கிடைக்கும். இரண்டும் வேண்டாம். வரட்டும், அளக்கட்டும், நமது விஞ்ஞானிகள் கப்பலில் இருக்கட்டும், தரவு பகிரங்கமாகட்டும்.

முடியாத காரியம் என்பவர்கள் 'ஆர்கோ' திட்டத்தைப் பார்க்கலாம். ஏறத்தாழ நாலாயிரம் மிதவைகள் உலகக் கடல்களில் அலைகின்றன. பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து வெப்பத்தையும் உவர்ப்பையும் அளந்தபடி மேலெழுந்து, செய்மதிக்குச் சொல்கின்றன. அந்தத் தரவு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த வல்லரசும் அதனால் கவிழ்ந்துவிடவில்லை.

மூன்றாவது நியாயம்தான் எனக்கு மிகுந்த கோபத்தை ஊட்டுவது: "சாதாரண மக்களுக்கு இது விளங்காது." ஏன் விளங்காது? ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிலையம், செய்மதி அளந்த கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களைக் கணித்து, தமிழ் உட்படப் பல மொழிகளில் அறிவிக்கிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள தமிழனுக்கு விளங்குவது இப்பால் உள்ளவனுக்கு விளங்காதா? அங்கும் எல்லாம் சரியென்று சொல்ல வரவில்லை. 2017 இல் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்த கன்னியாகுமரி மீனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. தரவு இருந்தது, படகுக்குப் போகும் வழி இருக்கவில்லை. செய்மதி வழியாக நேரே படகுக்குத் தகவல் சொல்லும் கருவியை 2019 இல்தான் அறிமுகப்படுத்தினார்கள்.

நமது கதை இன்னும் கசப்பானது. 2004 க்குப் பின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையம் வந்தது, இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பும் வந்தது. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் அதிர்ச்சி ஏற்பட்டபோது மக்கள் கரையை விட்டு வெளியேறினார்கள். தரவு திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி வந்தது. அதன் சுழலைச் செய்மதிகள் வானிலிருந்து படம் பிடித்தன. உலகின் எந்த மூலையிலிருந்தும் அதைப் பார்க்க முடிந்தது. ஆயினும் 600 க்கும் மேற்பட்டோரை இழந்தோம். மலையகத்தில் மண்ணுக்குள் புதைந்தவர்கள் எத்தனை பேர்! எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போது உரக்க எழுந்தது. 1987 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. மொழிபெயர்ப்பாளர் லீவில் இருந்தால் மண்சரிவு காத்திருக்குமா?

திறந்த கதவு என்றும் திறந்தே இருக்கும் என்று நம்பவும் முடியாது. கோடிக்கணக்கான டொலர் சேதம் விளைத்த காலநிலை அனர்த்தங்களின் பதிவேட்டைப் புதுப்பிப்பதை நிறுத்துவதாக அமெரிக்க அரச நிறுவனம் 2025 மே மாதத்தில் அறிவித்தது. மற்றவன் கொடுப்பதை மட்டுமே நம்பி வாழும் நாடு, மற்றவன் மனம் மாறும் நாளில் தெருவில் நிற்கும்.

ஆகவே நான் கேட்பவை இவைதான். நமது கடலில் அளக்கப்படும் ஒவ்வொரு தரவின் பிரதியும் நமது பல்கலைக்கழகங்களுக்கு வர வேண்டும். உயிர் காக்கும் தரவு எந்த இரகசியத்துக்கும் கட்டுப்படக்கூடாது. எச்சரிக்கை சிங்களத்தில் வெளியாகும் அதே நிமிடத்தில் தமிழிலும் வெளியாக வேண்டும். நாங்கள், பத்திரிகைக்காரர்கள், கப்பலின் கொடியைப் பற்றி எழுதும் நேரத்தில் பாதியையாவது அது அளந்ததைப் பற்றி எழுதச் செலவிட வேண்டும்.

2004 இல் நான் எழுதிய அந்த வசனத்தை இன்னொரு பத்திரிகையாளன் இன்னொரு மறுநாளில் எழுதக்கூடாது.