தந்தையின் உறுதிமொழியும் பிள்ளையின் பதினெட்டாவது வயதும்

திருத்தூதர் பணிகள் நூலின் 22ஆம் அதிகாரத்தில் சிறியதோர் உரையாடல் வருகிறது. எருசலேமில் தூய பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டளையிட்ட ஆயிரத்தவர் தலைவர், அவர் உரோமைக் குடிமகன் என்று அறிந்ததும் அஞ்சுகிறார். பெருந்தொகை கொடுத்துத் தாம் வாங்கிய உரிமை அது என்கிறார். பவுலோ தமக்கு அது பிறப்பிலேயே வந்தது என்கிறார். அதாவது, தர்சு நகர்வாழ் யூதத் தந்தை வழியாக வந்தது. அந்தக் குடும்பம் எப்படி உரோமைக் குடியுரிமை பெற்றது என்று விவிலியம் நமக்குச் சொல்வதில்லை. ஆனால், அன்று மகனின் முதுகைக் காத்தது அதுதான்.

இன்றைய இத்தாலியிலும் பிள்ளைகள் பலருடைய எதிர்காலம் தந்தை அல்லது தாயின் குடியுரிமையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 91ஆம் எண் சட்டப்படி, ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வந்தவர் 10 ஆண்டுகள் சட்டப்படி அங்கு வாழ்ந்த பின்னரே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை ஆராய அரசுக்கு 2 ஆண்டுகள்; அதை 3 ஆண்டுகள் வரை நீட்டிக்கவும் இடமுண்டு. பெற்றோருள் ஒருவர் உறுதிமொழி எடுத்துக் குடிமகன் ஆகும்போது, அவரோடு வாழும் 18 வயது நிறையாத பிள்ளைகளும் தனி விண்ணப்பமின்றிக் குடிமக்கள் ஆகின்றனர். 18 வயது நிறைந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 வயது மகனோடு ஒரு குடும்பம் அங்கு குடியேறுகிறது. தந்தை விண்ணப்பிக்கும் நாளிலேயே மகனுக்கு 18 ஆகிவிடும். கூடவே வந்த 4 வயதுத் தங்கைக்குக் குடியுரிமை கிடைக்கும், அண்ணனுக்குக் கிடைக்காது. ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே பங்கு, ஆனால் இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டுகள்! அலுவலகத்தில் கோப்பு சில மாதங்கள் உறங்கினால் தங்கையும் பின்தங்கக்கூடும். தாமதித்தவர் அதிகாரி, இழப்பவர் பிள்ளை. இதை நீதி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

2025ஆம் ஆண்டு ஜூன் 8, 9 தேதிகளில் நடந்த பொதுவாக்கெடுப்பு, அந்த 10 ஆண்டை 5 ஆகக் குறைக்கலாமா என்று கேட்டது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தனர். ஆயினும், பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் பங்கேற்றிருக்க வேண்டும். வந்தவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மட்டுமே. எதிர்ப்பைவிட அக்கறையின்மையே அந்த அண்ணன்களைத் தோற்கடித்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, மே மாதத்தில், 74ஆம் எண் சட்டம் மேலுமொரு நிபந்தனையைச் சேர்த்திருந்தது. பெற்றோர் குடியுரிமை பெறும் நாளில் பிள்ளை குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து இத்தாலியில் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும். தந்தை முதலில் சென்று, பல ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தை வரவழைப்பது வழக்கமாயிருக்க, இது யாரைத் தாக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்கும், 2025 மார்ச் வரை, இத்தாலியைக் கண்ணால் கண்டிராத அர்ஜென்டினாக்காரர் ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டே இத்தாலியர் ஆக முடிந்தது. இப்போது அதையும் பெற்றோர், பாட்டன் பாட்டி என்ற அளவோடு நிறுத்தியுள்ளனர். எனினும் இரத்த உறவுக்கே முதலிடம். கூடி வாழ்ந்த ஆண்டுகள் பின்னால்தான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2020ஆம் ஆண்டின் 'அனைவரும் உடன்பிறந்தோர்' சுற்றுமடலில் முழுமையான குடியுரிமை பற்றிப் பேசியது நினைவிருக்கலாம்.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பெல்லெக்ரினோ மலையிலுள்ள புனித ரொசாலியா திருத்தலத்திற்கு அவர்கள் பக்தியோடு ஏறிச் செல்வதை அந்நகர மக்கள் நன்கறிவர். இப்பக்கத்தை வாசிப்போருள் அவர்களின் உறவினர்களும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. இத்தாலியிலேயே பிறந்து, 18 வயது வரை தொடர்ந்து அங்கு சட்டப்படி வாழ்ந்த பிள்ளைகள், 19 வயது நிறைவதற்குள் நகராட்சியில் அறிவித்துக் குடியுரிமை பெறலாம். இதை 18ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய 6 மாதங்களுக்குள் நகராட்சியே அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அவ்வாறு தெரிவிக்கத் தவறியிருந்தால், 19 வயது கடந்த பின்னும் அவர்கள் அந்த உரிமையைக் கேட்கலாம்.