தாத்தா பாடினார் என்பது போதாது

'இது எங்கள் தாத்தா பாடிய பாட்டு' என்ற முன்னுரையோடு தேசிங்குராஜன் கதைப்பாடலைக் கீபோர்டும் கிதாரும் கூட்டி மேடையேற்றுகிறார்கள். இரும்பை, மரக்காணம் உப்பளக் கரையோரத்துப் பிள்ளைகள் இதைச் செய்யும்போது மகிழவே விரும்புகிறோம். அவர்கள் ஊருக்கும் செஞ்சிக்கோட்டைக்கும் தூரம் அதிகமில்லை.

கருவிகளோடு எங்களுக்குச் சண்டையில்லை. கூத்துமேடைக்கு ஆர்மோனியமும் வெளியிலிருந்து வந்ததுதான். எங்கள் சண்டை, வெட்டி எறியப்படுவதைப் பற்றியது.

1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு பொருது, 22 வயதில் மாண்டவன் தேசிங்கு. வரலாற்றுக்கு அவ்வளவு போதும். கதைப்பாடலுக்குப் போதவில்லை, அது மோவுத்துக்காரனைக் கொண்டுவருகிறது. தன் கல்யாணத்தை விட்டெழுந்து, நண்பனுக்காக நவாபின் படையை எதிர்த்துப் போய்ச் சாகிறான் அந்த முகமதியன். பந்தேலத்து ராஜபுத்திரனுக்கும் அவனுக்கும் சேர்த்து ஒப்பாரி வைத்தவர்கள் தமிழ்க் குடியானவர்கள். சிங்கவரத்து அரங்கநாதரும் அதே பாட்டில்தான் இருக்கிறார். இவர்களைப் பிரித்துவைக்க வேண்டுமென்று பாடியவர்களுக்குத் தோன்றவில்லை.

12 நிமிட மேடைக்குச் சுருக்கும்போது குதிரையை அடக்கும் காட்சி தப்பிவிடுகிறது, மோவுத்துக்காரன் ஓரடியில் முடிந்துபோகிறான். கேட்டால், நேரமில்லையாம். குளம்போசைக்கு மட்டும் இரண்டு நிமிடத் தாளக்கச்சேரி உண்டு!

அயர்லாந்திலும் இது நடந்தது. 1792இல் பெல்ஃபாஸ்டில் கூடிய முதிய ஹார்ப் கலைஞர்களின் மெட்டுகளை எழுதியெடுக்க அமர்த்தப்பட்ட எட்வர்ட் பன்டிங், அவற்றைப் பியானோவுக்கு ஏற்றபடி அமைத்து 1796இல் வெளியிட்டார். 1802இல் பாட்ரிக் லிஞ்ச் என்பவர் ஊரூராய் நடந்து ஐரிஷ் சொற்களைத் திரட்டினார். 1809இல் வந்த அடுத்த தொகுதியிலோ ஆங்கிலப் பாடல்களே இடம்பெற்றன. லிஞ்சின் உழைப்பு கையெழுத்துப்படியாகவே தங்கிவிட்டது.

பேரன் என்பது பாட்டின் மேல் எழுதித்தந்த பட்டா அல்ல. தாத்தாவும் வேறொருவரிடம் கேட்டோ, பெரிய எழுத்துப் புத்தகம் பார்த்தோ பாடியவர்தான். அவர் எந்த அடியில் குரலை இறக்கினார், எவ்விடத்தில் கேட்டவர்கள் அழுதார்கள் என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். குடும்ப நினைவென்று மேடைக்குக் கொண்டுவரத் தக்கது அதுவே. அதைத்தான் ஒருவரும் கொண்டுவருவதில்லை.

கடுவெளிச் சித்தர் பாடியதும் மாகாளர் கோயில் லிங்கம் பிளந்ததென்பது இரும்பையின் கதை. ஒரு பாட்டுக்கு அத்தனை வல்லமை உண்டென்று கேட்டு வளர்ந்தவர்கள் பாட்டை இத்தனை லேசாகப் பிளக்கலாமா?

அடுத்தமுறை குதிரையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, மோவுத்துக்காரனின் கல்யாணத்தை முழுதாகப் பாடட்டும். கிதாரோடு பாடினாலும் முன்வரிசையில் வந்து உட்காருகிறோம்.